ஊறிய கடலை

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் அன்று கொண்டைக்கடலை இறங்கியது. இரும்புப் பெட்டிக்குள் மே மாத வெயில் அடைத்துக் கிடந்தது. கஸ்பாரும் சாலமனும் ஜோடி. ஒருவன் மூட்டையைத் தூக்கிவிட, மற்றவன் முதுகில் வாங்குவான்.

மத்தியானம் எல்லோரும் உப்பை அள்ளிப் போட்டுக் கஞ்சி குடித்தார்கள். சாலமன் தன் தூக்குவாளியைத் தனியாகத் திறந்தான். மாதா கோயில் மருத்துவ முகாமில் பிரஷர் என்று சொன்னதிலிருந்து, அவன் மனைவி அடைக்கலமேரி உப்பு ஜாடியையே பரணில் ஏற்றிவிட்டாள்.

"இன்னா மச்சி, சோத்துல உப்பே போட்டுக்க மாட்டியா? ரோஷம் எப்டிடா வரும்?" என்றான் கஸ்பார்.

"ரோஷத்த நீயே வச்சிக்கோ. ரெண்டு பசங்க கீதுங்க. நான் உசுரோட இருந்தா போதும்னு அழுதுகினு நிக்கிறா."

உப்பில்லாத கஞ்சி இறங்கவில்லை. பாதியைக் கொட்டிவிட்டு, கேனைச் சாய்த்துத் தண்ணீரையே குடித்தான். வேர்த்தது, குடித்தான். மறுபடி வேர்த்தது, மறுபடி குடித்தான்.

பெட்டியின் கடைசியில் ஒரு மூட்டை நனைந்திருந்தது. கடலை ஊறி உப்பி, தையலைப் பிரித்துக்கொண்டு வழிந்தது. அதைத் தூக்கக் குனிந்த சாலமன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். கஸ்பாரைப் பார்த்து, "யார்ரா நீ?" என்றான்.

"வெயிலு மச்சி. தண்ணி பத்தல உனுக்கு."

விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் யார்டில் தெரிந்த ஒரே வைத்தியம். சாலமன் முகத்தைத் திருப்பினான். கஸ்பார் அவன் தாடையை அழுத்திப் பிடித்து, பாட்டில் காலியாகும்வரை ஊற்றினான். இன்னொன்றும் ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் சாலமனுக்குக் கை கால் வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா சொன்னாள்: "வேர்வையில உப்பு போயிடுச்சு. சாப்பாட்டுலயும் இல்ல. வெறும் தண்ணியா உள்ள போயிருக்கு. ரத்தத்துல உப்பு இறங்கினா தண்ணி அங்க நிக்காது. செல்லைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. உப்பு ஜாஸ்தி இருக்கிற பக்கமா அதைத் தாண்டி உள்ள போயிடும். செல்லு உப்பிடும். மத்த எடம் தாங்கும். மூளைக்கு மண்டையோட்டுக்குள்ள எடம் இல்லையே."

"அப்போ தண்ணி குட்த்தது தப்புங்களா?"

"அந்த நெலமையில குடுத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணி ஏத்திக்கிட்டு இருக்கோம். பாக்கலாம்."

கஸ்பாருக்குப் பிரிந்த தையல்தான் கண்ணில் நின்றது.

பொழுது சாய்வதற்குள் சாலமன் போய்விட்டான்.

ராயபுரத்திலிருந்து ஓடிவந்த அடைக்கலமேரி, வார்டு வாசலில் கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாகத்தோட போச்சாணா?"

"இல்லமா. நான் குட்த்தேன்."

"உன் கையால தண்ணி குட்ச்சிட்டுத்தான் போச்சா. அது போதும்ணா எனுக்கு." அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உப்பக்கூட கண்ணுல காட்டாம பாத்துகினேனே. டாக்டரு இன்னாதான் சொன்னாங்க?"

கஸ்பார் கையை இழுக்கவில்லை.

"வெயிலும்மா," என்றான். "வெறும் வெயிலு."