மூன்று வருடக் கேரண்டி

ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு நான் பார்த்த பொருத்தத்தை என் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் காரியாபட்டியில் ஒரு குடிகாரனுக்குச் சோறாக்கிக்கொண்டிருக்க மாட்டாள். நல்ல குடும்பம் என்றார்கள், கட்டிக் கொடுத்தோம். கேள்வி கேட்காமல் சாமான் வாங்குவதில் எங்கள் வீட்டை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா போன பிறகு வீட்டில் மிச்சம் அம்மாவும் நானும்தான்.

விளையாடத்தான் கம்ப்யூட்டர். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம். சிவகாசி கேமிங் சென்டரில் துப்பாக்கி ஆட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அங்கே நடந்த போட்டியைப் பார்த்துவிட்டு கோயம்புத்தூர் அணி ஒன்று என்னைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே ஆடலாம். சொந்த மெஷின் மட்டும் இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அம்மா போகிற பட்டாசுக் கம்பெனி வேன் இருக்கிறது. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிற எனக்கு, போர்மேன் கண்ணுச்சாமி அதில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். அந்த வேனில் மட்டும் ஏறக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற பாகங்கள் எப்படியோ சேர்ந்துவிட்டன. ஒரு பிரிண்டிங் ஆபீஸ் கழித்துப் போட்ட கேபினட், பழைய மானிட்டர், யாரோ கொடுத்த கீபோர்டு. படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டுகிற அந்தக் கார்டுதான் பாக்கி. அம்மாவின் தீபாவளி போனஸ் அதற்குத்தான் என்று முடிவாயிற்று. ராத்திரியும் பகலும் யூடியூபில் கார்டு கார்டாகப் பார்த்தேன். எந்தக் கார்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் படம் ஓட்டும், எது சூடாகும், எதற்கு என் பவர் சப்ளை தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விருதுநகரில் சபரிநாதன் கடையில் கடைசியாக இரண்டு கார்டு முன்னால் வந்தது. ஒன்று பழையது, எட்டு ஜிபி, நல்ல வேகம். ஆனால் எங்கோ கிரிப்டோ காசு எடுப்பதற்காக நிறுத்தாமல் ஓட்டித் தேய்த்தது. இன்னொன்று புதியது, நான்கு ஜிபி, வேகம் கம்மி, விலை அதே. சபரிநாதன் வத்தல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. தராசு பிடிக்கிற கையோடு பிறந்தவர் என்பதால் எதையும் மறைக்கவில்லை. ஆட்டம் முக்கியமென்றால் பழசு, நிம்மதி முக்கியமென்றால் புதுசு என்றார். என் கை பழைய கார்டின் பக்கம்தான் போனது.

அம்மா அதுவரை கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். வெளியூர்க் கடைகளில் அவள் நிற்பதே அப்படித்தான். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற கை அது. அலுமினியப் பொடி ஏறி, நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பூச்சு. எந்தச் சோப்புக்கும் போகாது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எதற்குக் கேரண்டி உண்டு என்று. புதுசுக்கு மூன்று வருடம், கெட்டுப்போனால் கம்பெனியே மாற்றிக் கொடுத்துவிடும் என்றார் சபரிநாதன்.

"வேகம் கெடக்கட்டும் மீனா. கெட்டுப்போனா மாத்திக் குடுக்கேன்னு சொல்ற சாமான எடு. அப்படி ஒண்ணாவது நம்ம வீட்டுல இருக்கட்டும்."

பழைய கார்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். புதியதையே எடுத்தோம். பஸ்ஸில் அட்டைப்பெட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானம் அடுப்புதான். கார்டு கொதித்தது. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஆட ஆரம்பித்தேன். ஏழைப்பட்ட மெஷின்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கார்டின் இரண்டு விசிறிகளும் சுற்றச் சுற்ற ஆட்டம் தண்ணீர் மாதிரி ஓடியது. குறைந்த வேகத்துக்கு ஏற்ற மாதிரி கையைப் பழக்கிக்கொண்டேன். தேர்வின் முதல் சுற்றில் ஜெயித்தும்விட்டேன். அணியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீராம்குமார், இனி ஞாயிற்றுக்கிழமைச் சுற்று ஒன்றுதான் பாக்கி, அநேகமாக நீங்கள்தான் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் நேராக மெஷினுக்குத்தான் வருவாள். முகம்கூடக் கழுவ மாட்டாள். முந்தானையை எடுத்து மானிட்டரைத் துடைப்பாள், கேபினட்டைத் துடைப்பாள், சுற்றுகிற விசிறிக்கு நேரே குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். சாமி படத்தைக்கூட அவள் வெள்ளிக்கிழமைதான் துடைப்பாள். நான் அதைப் பார்த்து மனதுக்குள் பூரித்துப்போயிருந்தேன், தடுக்கத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பொடியை யாரும் தூசி என்று நினைப்பதில்லை. தலையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வருகிற வேலை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைச் சுற்று பாதியில் இருந்தது. திரையில் கோடு கோடாக விழுந்தது. 'சட்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. என்ன ஏது என்று நான் குனிவதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். கருகல் வாடை வந்தால் எதையும் எடுக்க நிற்காதே, ஓடு என்பதுதான் கம்பெனியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே படிப்பு. நாங்கள் திரும்ப உள்ளே போனபோது திரை கருப்பாக இருந்தது. என் ஆள் ஆட்டத்துக்குள் எப்போதோ செத்திருப்பான்.

ஸ்ரீராம்குமார் நல்ல மனிதர். அடுத்த ஞாயிறு வரை பொறுக்கிறேன், அதற்குள் மெஷினைச் சரி செய்துவிடுங்கள் என்றார். எனக்குப் பயமே இல்லை. கேரண்டி இருக்கிறதே! மறுநாளே கார்டை விருதுநகருக்குக் கொண்டுபோனேன், சபரிநாதன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். சனிக்கிழமை பதில் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்.

கார்டு கவுண்டரின் மேல் இருந்தது, மாற்றித் தந்த கார்டு அல்ல, என்னுடையதேதான். சர்வீஸ் சென்டர்க்காரர்கள் அதைக் கழற்றிப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். செல்போனைப் பெரிதாக்கிக் காட்டினார் சபரிநாதன். விசிறி இறக்கைகள், அதற்கடியில் பொடிப்பொடியான கம்பி வேலைகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளி. உலோகப் பொடி படிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது, இந்த மாதிரி இடத்தில் கார்டு ஒரு மாதம் தாங்காது, தகுதியில்லாத சூழலில் வைத்ததற்குக் கேரண்டி செல்லாது என்று எழுதியிருந்தார்கள்.

சபரிநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்கிடாதீக தங்கச்சி. வீட்டுல மருந்து எதுவும் வச்சிருக்கீகளா?"

"எங்கம்மா இருக்காக" என்றேன்.

அவர் செல்போனை அணைத்துவிட்டார். பழைய கார்டு ஒன்று இருக்கிறது, காசு மெல்லத் தரலாம் என்று என்னவோ சொன்னார். அதுவும் எங்கள் வீட்டுக்குள்தானே வந்து உட்கார வேண்டும்? வேண்டாமென்று வந்துவிட்டேன். பஸ் முழுக்க எனக்கு ஆத்திரம்தான். கார்டு செய்தவன் மேல், புஸ்வாணம் கொளுத்திக் கைதட்டுகிறவன் மேல், வந்து வந்து துடைத்த அம்மாவின் மேல்கூட. வழியிலேயே ஸ்ரீராம்குமாருக்கு நாளைச் சுற்றில் ஆட முடியாது என்று செய்தி போட்டேன். வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டிருந்தார்.

வீட்டில் அம்மா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். வெறும் கேபினட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாற்றிக் கொடுத்துவிட்டானா என்று கேட்டாள். பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது, அவர்கள் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாலை வெயிலில் அந்தப் பொடி கொஞ்ச நேரம் அறைக்குள் மினுங்கிக்கொண்டே இறங்கியது.

"ஏமாத்துக்காரப் பயலுக. மருந்து பட்டா ஒரு மாசத்துல கெட்டுப்போகுமாமா? நான் பதினெட்டு வருசமா அதே மருந்துலதான் கெடக்கேன். நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சமாதானமாகி, தலையைத் தடவிக் கொடுத்து, திங்கட்கிழமை காலையில் வெள்ளனமே எழுப்பிவிடுகிறேன், வேனில் தன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொன்னாள்.