உடையவனுக்குச் சொல்லாத ரகசியம்

எண்ணூர்க் குப்பத்தில் அன்று காலை வேலப்பனால் கஞ்சியை விழுங்க முடியவில்லை. உதடு வெந்ததுபோல் சிவந்திருந்தது. கண்ணைத் திறந்தால் எரிந்தது.

"ஜொரத்துல வர்ற புண்ணு. தானா போயிடும்" என்று மனைவி கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு, வழக்கமான வலிப்பு மாத்திரையைச் சிரமப்பட்டு விழுங்கினான். மீன் கூடையைத் தூக்கப் போன கன்னியம்மா, அவன் சட்டையைக் கழற்றியதும் கூடையை அப்படியே கீழே வைத்தாள். மார்பெங்கும் கருஞ்சிவப்புத் திட்டுகள். தொட்ட இடத்தில் தோல் கையோடு வந்தது.

சில வாரங்களுக்கு முன் படகில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு வலிப்பு வந்தது. அதற்காகத் தெருமுனை கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அது.

அரசு மருத்துவமனையில் தீக்காயம் பட்டவனைப் போல அவனைத் துணி சுற்றிப் படுக்க வைத்தார்கள். செய்தி கேட்டுக் கன்னியம்மாவின் தம்பி தீபன் ஓடிவந்தான். லேப் படிப்பு முடித்து, ஒரு மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். டாக்டர் பவானி இருவரையும் வெளியே அழைத்தார்.

"அது கெட்ட மாத்திரை இல்லம்மா. நிறைய பேருக்கு நல்லா கேக்கும். சில பேரோட மரபணுவுக்கு மட்டும் ஆகாது. தோல் உரியும், கண்ணு போகக்கூட வாய்ப்பு உண்டு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்பிடி ஒரு டெஸ்ட்டு கீதுன்னே எங்களுக்குத் தெரியாதே டாக்டரம்மா."

தீபன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எடுத்தாச்சுக்கா" என்றான்.

போன வருஷம் அந்த நிறுவனத்தைக் குப்பத்துக்கு அழைத்து வந்தவனே அவன்தான். யார் உடம்புக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று பார்க்கிறார்கள், நமக்குத்தான் நல்லது என்று வீடு வீடாகச் சொன்னான். ஊசிக்குத் தயங்கியவர்கள்கூட, வேலப்பன் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். ரத்தம் போனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

"மாமாவுக்கு இந்த மாத்திரை ஆகாதுன்னு உனக்கு அப்பவே தெரியுமாடா?"

"தெரியும். ரத்தம் எடுத்ததும் நான்தான், லேப்ல டெஸ்ட் பண்ணதும் நான்தான். சொல்லிடலாமான்னு மேலதிகாரிய கேட்டேன். ஆராய்ச்சில யாரு பேரும் வெளிய வரக்கூடாது, ரகசியம்னாரு. முடிவெல்லாம் மருந்துக் கம்பெனிக்குத்தான் போவும், மீறிச் சொன்னா வேல இல்லன்னுட்டாரு. மாமாவுக்குத்தான் வலிப்பே இல்லியேன்னு உட்டுட்டேன்."

"வலிப்பு வந்தப்போ? பாத்துகினுதான இருந்த?"

"இன்னா மாத்திரைன்னு கேக்கல. கேட்டா சொல்ல வேண்டியதாயிடும்னு பயம்க்கா."

கன்னியம்மா கை ஓங்கவில்லை. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

"ரகசியம்னா ஊருக்குச் சொல்லக்கூடாதுடா. அந்த ஆளுக்கே சொல்லக்கூடாதா?"



"வேற யாருக்கெல்லாம் அந்த மரபணு இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க தெருவுலயே கீறாங்க டாக்டர்."

"எழுந்திரு" என்றாள் கன்னியம்மா. "வூடு வூடா போய் ரத்தம் கேட்டல்ல, அதே மாரி வூடு வூடா போய் சொல்லு. கூட்டத்துல கூவாத. அவங்கவங்க கிட்ட தனியா சொல்லு."

தீபன் போனான். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் ஏசினார்கள். அவன் போய்ச் சொன்ன எல்லோரையும் டாக்டர் பவானி வரவழைத்து மறுபடி பரிசோதித்து, எந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனம் தீபனை வேலையிலிருந்து நீக்கியது. நியாயம் கேட்கப் போன குப்பத்துப் பெண்களிடம், "சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்றார்கள். புகார் மேலே போயிருக்கிறது. இன்னும் விசாரணை முடியவில்லை.

வேலப்பன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. இனிக் கடலுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் வீடு திரும்பிய அன்று தீபன் வாசலில் வந்து நின்றான். "மன்னிச்சிடு மாமா. கம்பெனிதான் சொல்லக்கூடாதுன்னு..."

"அந்தக் கம்பெனி யாருன்னே எனக்குத் தெரியாது தீபா" என்றான் வேலப்பன். குரல் உயரவில்லை. "உன்னத்தான் தெரியும்."

தீபன் அழுதான்.

"அழுவாத. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. என் ரத்தத்துல இன்னா கீதுன்னு தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் கம்பெனி, ஆராய்ச்சி எல்லாம். ரத்தம் குடுத்தவன் கிட்டயே மறைச்சு வெச்சிட்டு, யாரக் காப்பாத்த மருந்து கண்டுபுடிக்கிறீங்க?"