மில் கணக்குக்குத் திரும்பிய பணம்

மணி பத்து இருபது. நான்கு மணிக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் இல்லை.

பிரவீனா கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். வரிசையில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் அப்பாவோ அண்ணனோ துணைக்கு வந்திருந்தார்கள். அவளோடு வந்தது ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும்.

ஜூனில் இந்தக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டியிருந்தாள். அடுத்த மாதமே கோவையிலேயே இன்னொரு கல்லூரி, அரசு உதவி பெறுவது, புள்ளியியலில் அவளுக்கு இடம் கொடுத்தது. ஹாஸ்டலோடு சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம்தான். உடனே இங்கே விலகல் கடிதம் கொடுத்தாள். திரும்பி வரும் பணத்தை அங்கே கட்டுவதாகத் திட்டம். பணம் கட்ட நாள் தள்ளிக் கேட்டு அங்கே ஏற்கெனவே ஒரு தவணை வாங்கியாயிற்று. அந்தத் தவணையும் இன்று முடிகிறது.

"ஏனுங்க மேடம், ரீஃபண்டு இன்னும் வரலீங்க."

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த கீதா கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"செவ்வாய்க்கிழமையே போயிருச்சே அம்மணி. ஆயிரம் ரூபா பிடிச்சுட்டு மிச்சம்."

"எனக்கு மெசேஜே வரலீங்களே."

"உனக்கு எப்படி வரும்? எந்தக் கணக்குல இருந்து கட்டுனாங்களோ அங்கதான் திரும்பிப் போகும். காளிச்சாமி ஆயில் மில், காங்கேயம்னு இருக்குது. யாரு அது?"

"என்ற மாமாங்க."

"கட்டிக்கற முறையா?"

"அம்மாவோட அண்ணனுங்க."

வரிசை சிரித்தது. கீதாவும் சிரித்தாள். "அப்பறம் என்ன? மாமன்கிட்டத்தானே இருக்குது. ஒரு போனைப் போடு."

பிரவீனாவின் குடும்பத்தில் அது வழக்கம். பெரிய தொகை என்றால் யார் வீட்டுப் பணமானாலும் மாமாவின் மில் கணக்கு வழியாகத்தான் போகும். ஆஸ்பத்திரி பில், மண்டப வாடகை, காலேஜ் ஃபீஸ், எல்லாம். அப்பா இறந்த பிறகு, கொடுமுடியில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா, இரண்டு கறவை மாடுகளை விற்று, நகைச்சீட்டையும் முடித்து, ரொக்கத்தைத் துணிப்பையில் கொண்டுபோய் அண்ணன் கையில்தான் கொடுத்தாள். அவர்தான் அனுப்பினார்.

மாமா இரண்டாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் எந்திரம் கடகடத்தது.

"வந்துருமுங் கண்ணு. பேங்க்ல விசாரிக்கறேன். கொப்பரை லோடு இறங்கிட்டிருக்குது, அப்பறமாக் கூப்படறேன்."

கூப்பிடவில்லை. அவள் மூன்று முறை அழைத்தாள். எடுக்கவும் இல்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ்ஸைப் பிடித்தாள். நேரில் போய் மாமாவைப் பணம் அனுப்ப வைத்தால், அங்கிருந்தே போனில் கட்டிவிடலாம்.

சூலூர் தாண்டியதும், புதிய கல்லூரியில் மாணவர் உதவிப் பிரிவைப் பார்க்கும் சஹீரை அழைத்தாள்.

"இன்னொரு தவணையா?" அவர் பெருமூச்சு விட்டார். "பணம் எங்க நிக்குதுன்னு எழுத்துல வேணும்மா. கணக்கு யார் பேர்ல இருக்கோ, அவர் கையெழுத்தோட. அது இருந்தா பதினஞ்சு நாள் வாங்கித் தரலாம், உதவி நிதிக்கும் உன் பேரைப் போடலாம். நாலு தாண்டினா அடுத்த ஆளுக்குப் போயிரும். அப்ப என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல."

போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முந்நூற்றுச் சொச்சம் பேர். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறவர்கள், நோட்ஸ் கேட்கிறவர்கள். ஐம்பத்தெட்டாயிரம் கேட்கக்கூடிய பெயர் ஒன்றுகூட இல்லை. பல்லடத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஒன்றே காலுக்கு மில் வாசல்.

களத்தில் ஒரு தேங்காய் மூடி இல்லை. எப்போதும் வெள்ளை வெளேரென்று காயும் இடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. ஷட்டரின் மேல் நீலத் தார்ப்பாய் தொங்கியது. முன்பக்கம் இருந்த எடைமேடை அறையில் காளிச்சாமி மாமா தேய்த்த வெள்ளைச் சட்டையோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் கை சோற்றிலேயே நின்றது.

"கண்ணு... பஸ்ஸுலயா வந்தே?"

"மில்லு ஓடலீங்களா மாமா?"

"ஓடுது, ஓடுது. இன்னைக்குக் கரண்ட் இல்ல."

பக்கத்து மில்லில் எந்திரம் கடகடத்தது. இருவர் காதிலும் விழுந்தது. போனில் இத்தனை நாளாகக் கேட்டது எந்த மில்லின் சத்தம் என்று பிரவீனாவுக்குப் புரிந்தது. மதில் ஓரமாகப் போய் நின்று பேசியிருக்கிறார்.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். வங்கியின் நோட்டீஸ். ஜூலை ஒன்பதாம் தேதி சீல் வைத்திருந்தார்கள்.

"அத்தைக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. காத்தால எட்டரைக்குப் போசியில சோத்தைக் கட்டிக் குடுப்பா. வந்து உக்காந்துட்டு ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போவேன். பையன் சரவணனுக்குப் பொண்ணு பேசி முடிக்கற நேரம். சேதி வெளிய போச்சுன்னா அத்தோட சரி."

"என்ற பணமுங்க மாமா?"

அவர் தட்டிலேயே கை கழுவினார். "செவ்வாய்க்கிழமை மெசேஜ் பாத்ததும் பேங்குக்கு ஓடினேன். இது கடன் கணக்கு, உள்ள வந்தது கடன்ல கழிஞ்சுதுன்னு சொல்லிப்போட்டாங்க. கேசு போட்டு வாங்கிக்கன்னு சிரிக்கறான் அந்த மேனேசரு."

"போன மாசமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, காலேஜ்ல எழுதிக் குடுத்து என்ற கணக்குக்கு மாத்தியிருப்பேனுங்க."

"நீ கேக்கலியே கண்ணு."

கேட்கவில்லைதான். விலகல் கடிதம் கொடுத்த அன்று, மில் கணக்கு நன்றாக ஓடுகிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. மாமாவிடம் அப்படிக் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டாள். அவள் மரியாதை கருதிக் கேட்கவில்லை. அவர் மரியாதை போய்விடுமே என்று சொல்லவில்லை. பணம் நடுவில் போய்விட்டது.

மணி இரண்டு. சஹீர் கேட்ட கடிதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"முடியாது அம்மணி." குரல் உயரவில்லை. "அந்தக் காலேஜ் கமிட்டியில காங்கேயத்தாளு எவனாச்சும் இருப்பான். ராத்திரிக்குள்ள ஊரே பேசும். வேற என்ன வேணுமோ கேளு."

"வேற என்னங்க இருக்குது மாமா?"

அவர் எழுந்து களத்துக்குப் போனார். வெயிலில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். திரும்பவும் நடந்தார். பிரவீனா அறைக்குள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சலாம். அழலாம். இரண்டும் வரவில்லை. இங்கே தோற்றால் இந்த வருடம் எந்தக் கல்லூரியிலும் அவள் பெயர் இல்லை. விலகிய இடத்திலும் இல்லை, சேர வேண்டிய இடத்திலும் இல்லை.

இரண்டு ஐம்பதுக்கு மாமா உள்ளே வந்தார். மேசை டிராயரிலிருந்து மில்லின் லெட்டர்பேடை எடுத்தார். காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். மேலே முழுக்க வெற்று.

"என்ன எழுதோணுமோ எழுதிக்க. எனக்குப் படிச்சுக் காட்டாதே."

வெளியே போய்விட்டார்.

அவள் எழுதினாள். 'எனது மில் ஜூலை ஒன்பதாம் தேதி முதல் வங்கியின் வசம் உள்ளது.' அவர் தன் மனைவியிடம் சொல்லாத வாக்கியம். 'என் தங்கை மகளின் கல்விக் கட்டணம் என் கடனுக்கு வரவு வைக்கப்பட்டுவிட்டது.' நிறுத்தாமல் எழுதி முடித்தாள். கடிதத்தையும், தார்ப்பாயைத் தூக்கி நோட்டீஸையும் போனில் படம் எடுத்தாள். மூன்று இருபத்திரண்டுக்கு இரண்டையும் சஹீருக்கு அனுப்பினாள்.

மூன்று முப்பது. மூன்று முப்பத்தைந்து.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. 'கிடைத்தது. பதினைந்து நாள் நீட்டிப்பு. உதவி நிதியில் பாதி வரை கேட்கலாம். மீதிக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். திங்கள் காலை நேரில் வரவும்.'

மாமாவிடம் சொல்ல வெளியே ஓடினாள்.

அவர் பக்கத்து மில்லின் மதில் ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தார். "ரெண்டு டன்னுங்களா? திங்கக்கிழமை அனுப்பிப்போடறேனுங்க. அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லீங்க." அந்தப்பக்கம் ஆள் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் நின்றாள். அவர் திரும்பவே இல்லை.

தார்ப்பாயை இழுத்துச் சரி செய்துவிட்டு, சொல்லாமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கோவை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா அழைத்தாள்.

"கட்டியாச்சா கண்ணு?"

நடந்ததைச் சொன்னால் அம்மா அத்தைக்குப் போன் போடுவாள். அத்தைக்குத் தெரிந்தால் பெண் வீட்டுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம் கண்ணில் வந்தது.

"கட்டியாச்சுங்கம்மா."

"எங்க அண்ணன் மட்டும் இல்லீன்னா நாம என்ன ஆயிருப்போம்? மாமனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிப்போடு."

"சொல்லிட்டேனுங்க."

"ஹாஸ்டல் ரூமுல கூட யாரு இருக்கறாங்க?"

பக்கத்து சீட் காலியாக இருந்தது. பிரவீனா பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இன்னும் யாரும் வரலீங்கம்மா. நான் மட்டுந்தான்."