எண்ணெய் விட்டதும் நின்ற சத்தம்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எண்ணெய்க் குப்பியிலிருந்து பிறந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்தேன். மூன்று வாரமாக அது கத்திக்கொண்டிருந்தது. சமதளத்தில் வாயை மூடிக்கொண்டு போகும். மேம்பாலத்தில் ஏறினால் ஒவ்வொரு மிதிக்கும் ‘கிறுக், கிறுக்’. “நம்ம கட்டில்கூட இவ்வளவு கத்தினதில்லை” என்றாள் அவள். எங்கே சத்தம் என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்லை. முழு வண்டியையும் துடைத்தேன், கண்ட இடத்தில் எல்லாம் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. உள்ளே போய்க் கைகூடக் கழுவாமல் நோட்டை எடுத்தேன்.*

இப்போது வியாழக்கிழமை மதியம். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அச்சில் அது தெரியாது, நோட்டில் தெரிகிறது. ஞாயிறும் திங்களும் எழுதியதைத் திருத்தாமல், அடித்ததைக்கூட மறைக்காமல், கீழே அப்படியே வைக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

* அதனால்தான் நோட்டின் முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை எண்ணெயில் பதிந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் வாங்குவார்களே, அந்த மாதிரி.

2

தொடக்கம் ஒன்று: ‘காலை வெயில் அந்தச் சைக்கிளின் மீது பொன்னாகப்—’

(அடித்துவிட்டேன். மர டிப்போவில் பதினாறு வருஷமாக வெயிலில் சுமை தூக்குகிறவன் வெயிலைப் பொன் என்று எழுதினால் கை வெந்துபோகும்.)

தொடக்கம் இரண்டு: ‘சத்தம் என்பது பொருள்களின் தாய்மொழி. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள்—’

(சகிக்கவில்லை.)

தொடக்கம் மூன்று, இதுதான் நின்றது:

ஒத்தக்காதுக்கு இடது காது கேட்காது. தகரப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் சுத்தியல் அடித்ததில் அது போனது. அதற்கப்புறம்தான் சைக்கிள் கடை போட்டான். தெருவில் பெயர் வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் ரெண்டு காதும் ஒழுங்காக இருக்கிற மெக்கானிக்குகள் கைவிட்ட சத்தத்தை எல்லாம் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வண்டியில் வைப்பான், கைப்பிடியைப் பல்லால் கடிப்பான், “மிதி” என்று கண்ணாலேயே சொல்வான். சத்தம் பல் வழியாக மண்டைக்குள் ஏறும். “இது பெடல் இல்ல, சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பி” என்பான். தப்பியதே இல்லை.

அவனுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு போல்ட். ஒன்றை முறுக்கு, ஓட்டிப் பார். சத்தம் போகவில்லையா, அடுத்தது. ரெண்டை ஒன்றாக முறுக்கிச் சத்தம் நின்றால், எது நிறுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

(இவன் நம்பும்படி இருக்கிறானா? எனக்குச் சந்தேகம்தான். ஒரு குறையும் ஒரு திறமையும் வைத்துவிட்டால் ஆள் ஆகிவிடுவானா? சரி, தங்கச்சியை உள்ளே விடுவோம். கூடப் பிறந்தவள் முன்னால் யாரும் ரொம்ப நேரம் மேதாவியாக நிற்க முடியாது.)

3

தங்கச்சி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய பச்சைச் சைக்கிள் அண்ணன் கொடுத்ததுதான். பழைய இரும்புக் கடையில் ஃப்ரேமை எடுத்து, தட்டி நிமிர்த்தி, அவனே பெயின்ட் அடித்துக் கொடுத்தான்.

“நான் ஓட்டினா சத்தமே வரலையே?” என்றான், கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு.

“நான் ஓட்டினா வருது.”

“அப்போ சத்தம் வண்டியில இல்ல. உன்கிட்டதான் இருக்கு.”

“ஆமா, என் பல்லைக் கடிச்சுப் பாரு. அண்ணா, மேம்பாலத்துல கூடை நெறய துணியோட ஹேண்டிலை இழுத்து இழுத்து மிதிக்கிறேன். நீ இந்தச் சந்துல காத்து வாங்கிட்டு வர்ற. எப்படி வரும்?”

“சரி சரி, தள்ளி நில்லு.”

“சீக்கிரம்ணா. எட்டு மணிக்கு மேல போனா அந்த சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாக்கணும்.”

ஒத்தக்காது ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மணியைப் பார்த்தான், கீழே வைத்தான். அன்றைக்கு மட்டும் சட்டத்தை மீறினான். சீட்டு போல்ட், பெடல் அச்சு, ஹேண்டில் தண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முறுக்கினான். எல்லா மூட்டிலும் எண்ணெய் விட்டான். கடைசியாக ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தான். ஹேண்டிலுக்குக் கீழே, பெடலை நோக்கிச் சரிந்து இறங்கும் சாய்கம்பி தொடங்கும் இடத்தைத் துடைத்தபோது துணியில் ஒரு கோடு விழுந்தது. மெலிதான, லேசாக வளைந்த செங்காவிக் கோடு. அவள் நெற்றி வகிட்டைப் போல.

(இந்த வர்ணனை நன்றாக வந்திருக்கிறது. வைத்துக்கொள்.)

அவள் சந்தில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினாள். ஊசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

[“அண்ணா, சத்தம் போயிருச்சு. ஆனா முன்னாடி ஏதோ தொளதொளன்னு இருக்கு.”] ← இந்த வரி வேண்டாம். முடிவை இழுக்கிறது.

அவள் போகும் திசையில் ஒத்தக்காது தன் கேட்கும் காதைத் திருப்பினான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பச்சைச் சைக்கிள் ஏறியது. ஒரு முனகல்கூட இல்லை. அந்த மௌனத்தை அவன் ஒரு பாராட்டைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றான்.

முற்றும்.

(திங்கள் காலை, மணி 8.10. ஒரே ஒரு வரிதான் அடித்தல். எனக்கு என் மீதே பொறாமையாக இருந்தது.)

4

தொழில் விஷயத்தில் தப்பிருந்தால் வாசகர்கள் காறித் துப்புவார்கள். அதனால் இன்றைக்கு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நோட்டைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்தடி மெக்கானிக்கிடம் போனேன். இவர் நிஜ ஆள். காது ரெண்டும் கேட்கும், வாய்தான் மூடாது. எனக்கு மதிய ஷிஃப்ட். மனைவி எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஸ்க்ரூடிரைவரைக் கடிக்கிறானா? நான் கடிச்சா பல் செட்டு கழண்டு தொட்டியில விழும். சரி, படி.”

சட்டத்தைக் கேட்டுத் தலையாட்டினார். தங்கச்சி பேசியபோது சிரித்தார். துணியில் விழுந்த கோட்டைப் படித்தேன். சிரிப்பு நின்றது. கடைசி வரிவரை படித்து முடித்தேன். ட்யூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“என்ன தம்பி, அந்தப் பொண்ணைக் கொன்னுட்ட?”

“யாரைண்ணே?”

“பாலத்துமேல அனுப்பிட்டு முற்றும்னு போட்டிருக்கியே, அவளைத்தான். பெயின்ட் முழுசா இருக்கிற எடத்துல துரு எங்க இருந்து வரும்? உள்ள இருந்துதான் வரணும். அது கோடு இல்லைய்யா, விரிசல். ஃப்ரேம் முறிஞ்சிட்டிருக்கு.”

“ஆனா சத்தம் நின்னுடுச்சே...”

“முறிஞ்ச ரெண்டு வாயும் உரசிச்சு, கத்திச்சு. நீ எண்ணெய் விட்ட. உரசுறது நிக்கும். முறியறது நிக்குமா?”

என் தொழிலை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கயிறு அறுவதற்கு முன் ஒரு தடவை முனகும். பலகை முறிவதற்கு முன் ஒரு தடவை சொல்லும். அதைக் கேட்டுத்தான் என் அப்பா ஐம்பது வருஷம் லாரிக்கு அடியில் நசுங்காமல் வீடு வந்தார். அதைக் கேட்டுத்தான் நானும் வருகிறேன்.

“அந்தக் கோட்டை எதுக்கு எழுதின?” என்றார் மெக்கானிக்.

“சும்மா... பாக்க நல்லா இருந்துச்சு.”

“பாக்கவா? எங்க பாத்த?”

  சமையலறை ஜன்னல் கம்பியில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கிற ஒரு வெள்ளைத் துணி என் கண்ணுக்கு முன்னால் ஆடியது.

5

‘நாங்கள் காற்றாய்ப் பறந்து—’

(இல்லை. அவருடைய பழைய ஸ்கூட்டர் மூன்று உதைக்கு அப்புறம்தான் கிளம்பியது.)

மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவள் வேலை செய்யும் பேக்கிங் கம்பெனியில் போனைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். தெரிந்தும் ஏழு தடவை அடித்தேன். ஸ்கூட்டர் பாலத்தில் ஏறியது. பின்சீட்டில் உட்கார்ந்து வலது பக்கம் கைப்பிடிச் சுவரை, இடது பக்கம் சாலையை, மாறி மாறிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எழுத மாட்டேன். இறக்கத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. பச்சை வார். அவளுடையது கறுப்பு வார். இல்லை, பழுப்பு. அவள் செருப்பின் நிறம்கூட எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி சைக்கிள் நிறுத்தத்தில் நான்காவதாக அவள் வண்டி நின்றது. முழுசாக.

மெக்கானிக் முன்சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினார். ஹேண்டிலைப் பிடித்து, பொம்மையின் கழுத்தைத் திருப்புகிற மாதிரி, மெதுவாக அழுத்தினார். சாய்கம்பியின் அடிப்பக்கத்தில் பெயின்ட் வாய் திறந்தது. என் நகத்தை அதற்குள் விட்டார். நகம் போனது. சத்தமே வரவில்லை. நான் விட்ட எண்ணெய் நல்ல எண்ணெய்.

“நாலுல மூணு பங்கு போயிருச்சு. இன்னிக்குச் சாயந்திரம் எறக்கத்துல பிரேக் பிடிச்சிருந்தா...” என்றார். எப்போதும் மூடாத வாய் அதோடு மூடிக்கொண்டது.

வாட்ச்மேன் சொல்லியனுப்பி, தலையில் வலைத்தொப்பியோடு அவள் ஓடி வந்தாள். எங்கள் ரெண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

நான் விரிசலைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது அவளிடம் பயத்தை எதிர்பார்த்தேன்.

“திங்கக்கெழம காலைலயே சொன்னேன்ல?”

“என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்னு என்னையே கேளு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து வாசல்லயே நின்னு சொன்னேன். நீ நோட்டுல இருந்து தலையைத் தூக்கல. ‘ம்’ன்ன. சரி, பாத்துக்குவன்னு நெனச்சுப் போயிட்டேன். நேத்தும் கேட்டேன். அதுக்கும் ‘ம்’.”

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. காதிலிருந்து இல்லை, நோட்டிலிருந்து. தொளதொளன்னு இருக்கு. அந்த வரி நான் கற்பனை செய்ததே இல்லை. கதை ஓட்டத்தில் தானாக வந்து விழுந்தது என்று நினைத்தேன். வாசலில் நின்று என் மனைவி பேசியதைக் கேட்டு எழுதி, தங்கச்சியின் வாயில் வைத்து, முடிவை இழுக்கிறது என்று அடைப்புக்குறி போட்டு ஒதுக்கியிருக்கிறேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள்.

மூன்று நாள். பாலத்தில் ஆறு தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். இன்று காலையோடு ஏழு.

6

எனக்கு எதுவும் ஆகவில்லை, அவளுக்கும் எதுவும் ஆகவில்லை. வண்டியை மெக்கானிக் ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுபோய்விட்டார். அவள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அரை நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒருத்தி இன்னும் பாலத்தின் மேல் இருக்கிறாள். அவளை நான்தான் ஏற்றிவிட்டேன். மேலே ‘முற்றும்’ வேறு போட்டிருக்கிறேன்.

முடிவு அ: துணியில் உள்ள கோட்டை ஒத்தக்காது திரும்பப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடுகி—

(ஓட மாட்டான். நான் நான்கு நாள் அந்தத் துணியைப் பார்த்தேன். ஓடினேனா? நிஜ மெக்கானிக் ஒருவர் அதட்ட வேண்டியிருந்தது. கதைக்குள் அவனை அதட்ட ஆள் இல்லை.)

முடிவு ஆ: இறக்கத்தில் அவள் பிரேக்கைப் பிடிக்கிறாள். முன்சக்கரம்—

(கை ஓடவில்லை.)

முடிவு இ: அவள் பத்திரமாகப் போய்ச் சேர்கிறாள். நாளைக்கும் போகிறாள். நாளன்றைக்கும்—

(இதுதான் மூன்றிலும் கொடூரமானது. எனக்கு நடந்துகொண்டிருந்தது இதுதான்.)

7

மனைவி எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து நோட்டைப் படித்தாள். கட்டில் விஷயத்தில் என்னை முறைத்தாள். நெற்றி வகிடு வந்த இடத்தில் நிறுத்தி, தன் வகிட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதுவும் அவளுடையது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

“யோவ், அந்தப் பொண்ணை எறக்கி விடுய்யா.”

“எப்படின்னு தெரியல.”

“அவதான் எறங்குறதுக்கு வழி சொன்னாளே. நீதானே வாயை அடைச்ச?”

பேனாவை வாங்கினாள். ஓர் எழுத்துகூட எழுதவில்லை. மூன்றாம் பகுதிக்குத் திருப்பி, அந்த ரெண்டு அடைப்புக்குறிகளை மட்டும் அடித்தாள். பக்கத்தில் நான் எழுதிய ‘வேண்டாம்’ மேலும் ஒரு கோடு. ‘முற்றும்’ மேலே இன்னொரு கோடு. பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

“இப்பப் பேசட்டும் அவ” என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஆகவே கதை இங்கே நிற்கிறது. தங்கச்சி இன்னும் பாலத்துக்குப் போகவில்லை. சந்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடை வாசலுக்கு வந்திருக்கிறாள். மணி எட்டாகப் போகிறது. ஒத்தக்காது கையில் துணியோடு நிற்கிறான். அவள் எந்தக் காதுப் பக்கம் நிற்கிறாள் என்பதை நான் எழுதவில்லை.

“அண்ணா, சத்தம் போயிருச்சு. ஆனா முன்னாடி ஏதோ தொளதொளன்னு இருக்கு.”

அடுத்த வரி அவன் பேச வேண்டியது. என்னிடம் விட்டால் ‘ம்’ என்று எழுதிவிடுவேன், பழகிப்போன கை. நீங்கள் எழுதுங்கள். அவள் ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டாள்.