குதைபியாவில் பார்த்த விண்டர் ஃபெர்ரி

வெள்ளிக்கிழமை காலை மதுஷா அறைக் கதவைத் தட்டினாள். சிரிப்பை அடக்க அவள் படும் பாடு முகத்திலேயே தெரிந்தது.

"ரக்ஷிதாக்கா, லண்டனிலயிருந்து ராசம்மா மாமி போன் எடுத்தவா. உங்களோட கதைக்க வேணுமாம். இல்லாட்டி நானே சொல்லட்டோ?"

மதுஷாவும் அவள் கணவன் துஷாந்தனும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் குதைபியாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி வீட்டை அவர்களும் ரக்ஷிதாவும் அவள் கணவர் பாலாவும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஜோடிக்கு ஒரு படுக்கையறை. சமையலறையும், டிவி இருக்கும் ஹாலும் பொது.

"சொல்லு. விண்டர் ஃபெர்ரி தொடரைப் பார்த்தாங்களா?"

"பார்த்தவை. அதுதான் பிரச்சினை." மதுஷா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "மாமா, மாமி, மகன், புது மருமகள், மருமகளிட தாய் தகப்பன். எல்லாரும் வரிசையாச் சோபாவில. குடும்பமா இருந்து பார்க்கலாம் எண்டு நீங்கள் எழுதினதை நான்தானே அனுப்பினனான். கொஞ்ச நேரம் நல்லாப் போச்சுதாம். பிறகு அந்தப் படகோட்டி குசினிக்குள்ள வந்து பெண்சாதியைத் தூக்கி மேசையில இருத்தினானாம்."

"அப்படி ஒரு காட்சியே கிடையாதே."

"லண்டனில இருக்கு அக்கா. நல்லா நீளமா இருக்காம். கனகரத்தினம் மாமா ரிமோட்டைத் தேடினவராம். அது சம்பந்தியிட முதுகுக்குக் கீழ. அவரை எழும்பச் சொல்லவும் ஏலாது, பார்த்துக்கொண்டிருக்கவும் ஏலாது. கடைசியில மாமி எழும்பி டிவிக்கு முன்னால நிண்டு, ஆருக்கு ரீ வேணும் எண்டு கேட்டவாவாம்."

மதுஷா இப்போது வாய்விட்டுச் சிரித்தாள். ரக்ஷிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

லீட்ஸ் நகரத்திலிருந்து ஹெலன் என்ற பெண் ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறாள். அமெரிக்கத் தொடர்களில் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்குச் சொல்லும் தளம். ரக்ஷிதா அதற்குச் சோதனைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தாள். பிடித்துப்போனால் வாராந்தரப் பத்தி அவளுக்கு என்று ஹெலன் சொல்லியிருந்தாள். பாலாவின் விசாவில் பஹ்ரைனுக்கு வந்து, விண்ணப்பித்த இடத்திலெல்லாம் 'மாஃபி', இல்லை என்ற பதிலையே கேட்டுத் திரும்பிய பிறகு, அவள் பெயருக்கென்று கிடைக்கவிருந்த முதல் வேலை அது.

அந்த வேலை அவளுக்கு இன்னும் நம்ப முடியாத அதிசயமாகத்தான் இருந்தது. திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். அமெரிக்காவையும் பார்த்ததில்லை, பிரிட்டனையும் பார்த்ததில்லை. பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவள். அவள் இங்கே ஏசிக்கு அடியில் உட்கார்ந்து, எந்த ஊர்ப் பனி பார்க்கத் தகுந்தது என்று பனி விழும் தேசத்துக்காரர்களுக்குச் சொல்கிறாள். அவர்களும் அதைக் கேட்டு, கடைகள் மூடிய பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்கிறார்கள்.

ஹெலன் நிறையச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இங்கே யாரையும் ஒரேயடியாகப் புகழாதே, சந்தேகப்படுவார்கள். கதை ஒழுங்காக முடிகிறதா என்று முதலிலேயே சொல்லிவிடு, அமெரிக்கத் தொடர்கள் முடியத் தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடும் என்று அவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அப்புறம், நான் அனுப்பும் லிங்க்கில் பார்த்துவிட்டு எழுது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ரக்ஷிதா சறுக்கியிருந்தாள். 'விண்டர் ஃபெர்ரி' ஹால் டிவியில், கட்டடத்து கேபிள் பாக்ஸில் வரும் சேனலிலேயே முழுக்க ஓடி முடிந்திருந்தது. ஒன்று விடாமல் பார்த்து அழுதிருந்தாள். பார்த்ததையே எதற்கு மறுபடியும் லேப்டாப்பில் பார்ப்பது என்று நேரே எழுதிவிட்டாள்.

மிச்சிகன் ஏரியில் படகு ஓட்டும் வால்ட், அவன் மனைவி நர்ஸ் ரூத் ஆகியோரின் கதை அது. 'இந்தக் கணவனும் மனைவியும் கதை முழுவதும் ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை' என்று எழுதியிருந்தாள். 'அவன் அதிகாலையில் படகுக்குப் போகுமுன் காப்பி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி அவள் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் காதல். அது போதும் என்று அமெரிக்கர்கள் கண்டுபிடித்திருப்பது நல்ல செய்தி. மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.'

ஹெலனுக்கு அந்தக் கடைசி வரி மிகவும் பிடித்திருந்தது. அதையே தலைப்பாகப் போட்டிருந்தாள்.

ரக்ஷிதா எழுந்து ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டாள். வேறு ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் ஒருத்தியின் தோளில் கை வைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி ஒரு நெடுஞ்சாலை, அதில் லாரிகள். அவன் சட்டையும் மாறியிருந்தது.

நெருக்கமான காட்சிகளை இங்கே தணிக்கையில் வெட்டிவிடுவார்கள். வளைகுடாவுக்கு வந்த புதிதில் இந்தத் தாவல் கண்ணில் உறுத்தும். பாலாவும் அவளும் அதைக் கேலி செய்திருக்கிறார்கள். வெட்டிட்டான்பா, என்பார் பாலா. பிறகு எப்போதோ கண் அதற்குப் பழகி, வெட்டு விழுந்த இடத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. முகங்கள் நெருங்கினால் லாரி வரும். அதுதான் கதை சொல்லும் முறை என்று மனமே முடிவு செய்துகொண்டது.

"வெட்டுப்பட்டதைப் பார்த்து எழுதிப்போட்டீங்கள், என்ன?" மதுஷா பின்னால் வந்து நின்றாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "நானும் உங்களோட இருந்து பார்த்தனான்தானே அக்கா. எனக்கும் விளங்கேல்லை."

மத்தியானத்துக்குள் ஹெலனின் மின்னஞ்சல் வந்துவிட்டது. 'ரக்ஷிதா, நீங்கள் பார்த்தது எந்த விண்டர் ஃபெர்ரி? வாசகர்கள் கேட்கிறார்கள்.' கீழே சில கருத்துகளை ஒட்டியிருந்தாள். இந்த அம்மாள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தாரா, என்று ஒருவர். என் மாமனார் இப்போது என்னோடு பேசுவதில்லை, நன்றி, இன்னும் எதையாவது சிபாரிசு செய்யுங்கள், என்று இன்னொருவர்.

பாலா அலுமினிய ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து ஷூவைக் கழற்றும்போதே அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"லிங்க்ல வேற மாதிரி வந்துச்சுன்னு சொல்லிடலாமா?"

"அவங்க அனுப்பின லிங்க்தானே? திறந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

"அப்ப எனக்கு வேலை போச்சு."

"உண்மையைச் சொல்லிப் போகட்டும் ரக்ஷி. இங்க டிவியில இப்படித்தான் வரும், பழகிப்போச்சு, அதனால கவனிக்கலன்னு எழுது. அதுல என்ன அசிங்கம்?"

பாலா எப்போதும் இப்படித்தான். குறைவாகப் பேசுவார், பேசினால் தப்பிக்க வழி இருக்காது. அவள் எழுதி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. மன்னிப்புக் கட்டுரை வேண்டாம், அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஹெலன் எழுதியிருந்தாள். 'முழுசாகப் பாருங்கள். பார்த்து என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள். திங்கட்கிழமை காலை எனக்கு வேண்டும். அதில் விஷயம் இருந்தால் பத்தி உங்களுடையது. இல்லாவிட்டால் நண்பர்களாகப் பிரிவோம்.'

மறுநாள் சனிக்கிழமை, எல்லோருக்கும் விடுமுறை. மதுஷா காலையிலேயே துஷாந்தனைக் கிளப்பிவிட்டாள்.

"எங்க போறம்?" என்றான் அவன், பாதித் தூக்கத்தில்.

"சாமான் வாங்க."

"நேற்றுத்தானே வாங்கினனாங்கள்."

"பிறகும் வாங்குவம். யல்லா, நடவுங்கோ." வாசலில் நின்று ரக்ஷிதாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாருங்கோ அக்கா. வரேக்க நான் பெரிசாப் பெல் அடிப்பன்."

லேப்டாப்பை ஹால் மேசையில் வைத்துவிட்டு இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

முதல் எபிசோடிலேயே அந்தச் சமையலறை வந்தது. வால்ட் பனி அப்பிய கோட்டோடு வந்தான். ரூத் திட்டினாள். அவன் அவளை அப்படியே தூக்கி மேசையில் உட்காரவைத்தான். பாலா ஏசியைப் பார்த்தார். ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி அத்தனை கவனமாகப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"பாவம் கனகரத்தினம் மாமா," என்றார் பாலா. ரக்ஷிதாவுக்கு அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஆனால் பார்க்கப் பார்க்க, ரக்ஷிதாவின் சிரிப்பு மெல்ல வியப்பாக மாறியது. இவர்கள் அவளுக்குத் தெரிந்த வால்டும் ரூத்தும் இல்லை. இந்த வால்ட் வாய் ஓயாமல் பேசினான். மனைவியின் ஈரத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கினான். இந்த ரூத் படகுத்துறையில் ஊரே பார்க்க அவனை முத்தமிட்டு, லிப்ஸ்டிக் ஒட்டிய கன்னத்தோடு வேலைக்கு அனுப்பினாள். இவ்வளவு இருந்திருக்கிறது. இவ்வளவையும் லாரிகள் மறைத்திருக்கின்றன.

நான்காவது எபிசோடில் ரூத்தின் குழந்தை, ஏழாவது மாதத்தில், வயிற்றிலேயே இறந்துபோனது.

அந்த ஆஸ்பத்திரிக் காட்சி டிவியிலும் வந்ததுதான். அதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் அப்போது அது நடந்து முடிந்த பல சம்பவங்களில் ஒன்றாகத் தெரிந்தது. முன்னேயும் தொடவில்லை, பின்னேயும் தொடவில்லை, இவர்கள் சுபாவம் இது என்று அவள் எழுதிவிட்டாள். இப்போதுதான் தெரிந்தது. அந்தக் காட்சிக்கு அப்புறம் வால்ட் ரூத்தைத் தொடவே இல்லை. ஒரு தடவைகூட. படகுக்குப் போகும் முன் சத்தம் போடாமல் காப்பி போட்டு, பிளாஸ்க்கை மூடி, அவள் கதவோரம் வைத்தான். பிளாஸ்க் அந்த எபிசோடில்தான் முதன்முதலாக வந்தது.

அவள் காதலின் பழக்கம் என்று புகழ்ந்து எழுதியது, கைகள் செயலற்றுப் போன ஒருவன் கண்டுபிடித்த வேலை.

ரக்ஷிதா லேப்டாப்பில் படத்தை நிறுத்தினாள். சமையலறை மேடை சோபாவிலிருந்தே தெரிந்தது. அங்கே அவர்களுடைய நீல பிளாஸ்க் இருந்தது. பாலா அதிகாலை ட்யூட்டிக்குப் போகும்போதெல்லாம் டீ போட்டு அதில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். அவளுக்கு விழிப்பு வரும்போது வீட்டில் அவர் இருக்க மாட்டார், டீ இருக்கும். கட்டுரையை எழுதும்போது அவள் மனதில் இருந்தது அந்த நீல பிளாஸ்க்தான். வால்டைப் புகழ்ந்த ஒவ்வொரு வரியும் பாலாவுக்கு எழுதியது.

அவளுடைய குழந்தை போனதும் ஏழாவது மாதத்தில்தான். அதற்குப் பிறகுதான் சின்ன அறைக்குக் குழந்தைக் கட்டில் வாங்கும் பேச்சை விட்டுவிட்டு, அந்த அறையை வாடகைக்கு விட்டார்கள். மதுஷாவும் துஷாந்தனும் வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது, அதனால்தான் ஒதுங்கி உட்காருகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு முன்னால் இந்த மனிதர் எப்படி இருந்தார்? குதைபியாவில் சாலையைக் கடக்கும்போது, கார் வந்தாலும் வராவிட்டாலும், அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வார். அது எப்படி மறந்துபோனது?

"ஏங்க."

"ம்."

"நீங்க பிளாஸ்க் வைக்க ஆரம்பிச்சது எப்போ?"

நின்றுபோன திரையில் வால்ட் குனிந்து பிளாஸ்க்கை வைத்துக்கொண்டிருந்தான். பாலா அவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில உன் கையைப் பிடிச்சேன்," என்றார். "நீ உருவிக்கிட்ட."

"நானா?"

"ட்ரிப்ஸ் ஏத்தின கை அது. வலிச்சு உருவினியா, என்னைப் பிடிக்காம உருவினியான்னு எனக்குத் தெரியல. அன்னிக்குக் கேக்க முடியல. மறுநாளும் கேக்க முடியல. அப்புறம் கேக்கறதே பெரிய விஷயமாயிடுச்சு. சும்மா இருக்கவும் முடியல. டீ போட்டேன்."

ரக்ஷிதாவுக்கு அது நினைவில்லை. அந்த நாளில் நடந்த எதுவுமே அவளுக்கு நினைவில்லை. தான் உருவிய ஒரு கையை இந்த மனிதர் இத்தனை காலம் சுமந்துகொண்டு, ஒருநாள்கூட முகம் சுளிக்காமல், கொதிக்கக் கொதிக்க டீயாக மாற்றி ஊற்றி வைத்திருக்கிறார். அவள் அதைக் குடித்துக்கொண்டு, அவ்வளவுதான் காதல் என்று ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறாள்.

"வலிச்சிருக்கும்ங்க," என்றாள். "கண்டிப்பா வலிச்சிருக்கும். வேற எதுக்கு உருவுவேன்?"

பாலா தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் எழுந்தார்.

"டீ போடட்டா?"

"வேண்டாம். உட்காருங்க."

உட்கார்ந்தார். இந்தத் தடவை நடுவில் இடம் இல்லை. அவள் தன் இடது கையை, ஊசி ஏறிய அந்தக் கையை, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இறுக்கமாக.

கடைசி எபிசோடை அப்படியே பார்த்தார்கள். டிவியில் அது ஆளில்லாத படகுத்துறையோடு முடிந்திருந்தது. பிரமாதமான வெறுமை என்று அவள் அதையும் பாராட்டியிருந்தாள். முழுத் தொடரில் அந்த வெறுமைக்கு முன்னால் இன்னொரு காட்சி இருந்தது. ரூத் காலி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து வருகிறாள், படகில் ஏறுகிறாள், அதை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் கோட்டுக்குள் புகுந்துகொள்கிறாள். படகு நகர்கிறது. அப்புறம்தான் துறை காலியாகிறது. பாலா இந்த முறை ஏசியைப் பார்க்கவில்லை.

வாசலில் பெல் அடித்தது. மறுபடியும் அடித்தது. "வந்திட்டம், வந்திட்டம்," என்று மதுஷா வெளியிலிருந்தே சத்தம் போட்டாள்.

அன்று மாலை ரக்ஷிதா எழுத உட்கார்ந்தாள். இரண்டாவது கட்டுரை இப்படித் தொடங்கியது: 'இவர்கள் தொடுவதே இல்லை என்று சொன்னேன். தொடுவதை ஏன் நிறுத்தினார்கள் என்பதுதான் கதை. அதை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் நான் இருக்கும் இடத்தில் டிவி அதை வெட்டிவிடுகிறது, வெட்டியதற்குப் பழகிவிட்டால் வீட்டிலும் தெரியாமல் போய்விடுகிறது. முதல் மூன்று எபிசோடைத் தனியாகப் பாருங்கள். நான்காவதை, நீங்கள் யாரிடம் எதையோ கேட்காமல் விட்டீர்களோ, அவரோடு பாருங்கள்.'

திங்கட்கிழமை ஹெலனின் பதில் சுருக்கமாக இருந்தது. 'பரவாயில்லை.' லீட்ஸ் பாஷையில் அது பெரிய பாராட்டு என்று ரக்ஷிதாவுக்கு இப்போது தெரியும். கீழே அடுத்த தொடரின் லிங்க்கும், இனி வியாழன்தோறும் உங்கள் பத்தி என்ற ஒரு வரியும் இருந்தன.

மதுஷா சமையலறையில் லண்டனோடு பேசிக்கொண்டிருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட புதுக் கட்டுரையை நான் அனுப்பினனான், வாசிச்சிட்டு நாலாவது எபிசோடை மாமாவும் மாமியும் தனியா இருந்து பார்த்தவையாம். மாமி ஒண்டும் சொல்லுறா இல்லை, அழுறா. அடுத்தது என்ன பார்க்கிறது எண்டு மாமா கேக்கச் சொன்னவர்."

"இன்னும் பார்க்கல, பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லு."

"ஓம். மாமா ரிமோட்டை இப்பவே கையில வச்சிருக்கிறாராம்."

பாலா ட்யூட்டிக்குக் கிளம்பி வந்தார். பிளாஸ்க்கை மேடையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. லிங்க்கைத் திறக்கப் போன அவள் கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, கார் எதுவும் வராத அந்த ஹாலில், சற்று நேரம் அங்கேயே நின்றார்.