நெல்லித்தோப்பில் நின்ற வண்டி

மூன்றாவது உதைக்கே வண்டி கிளம்பிவிட்டது. ஷஃபீக்குக்கு ஆத்திரமாக வந்தது.

கிளம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அவன் உதைத்தான். நேற்று நடுப்பகலில் நெல்லித்தோப்பில் நின்றுபோய், கத்திரி வெயிலில் அத்தாவை முல்லா வீதி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வரவைத்த வண்டி. இன்று அவர் கூடத்தில் வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கும்போது சமர்த்தாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியரைப் பார்த்ததும் பல்வலி ஓடிப்போகுமே, அந்தக் கதைதான்.

"நிறுத்துடா அத." அம்மாவின் தம்பி ஸாகிப் மாமா நடைக்கு ஓடிவந்தார். "உள்ள யாசீன் ஓதிக்கிட்டிருக்காங்க. மையத்த வெச்சுக்கிட்டு செய்யிற வேலையா இது?"

ஷஃபீக் சாவியைத் திருப்பினான். ஓதுகிற சத்தம் மறுபடியும் கேட்டது.

அத்தா ஜமால் காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுத்துவந்தார். முப்பது வருடமாக அந்த வண்டியின் பின்சீட்டில்தான் துணி மூட்டை போகும், வரும். மகள் ரூமானா பெங்களூரிலிருந்து வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆகும். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதுவரைக்கும் வீட்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது. ஷஃபீக்குக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது.

"ஓடிக்கிட்டே இருக்கையில டப்பு டப்புனு அடிச்சு நின்னுடுதுப்பா" என்று அத்தா சொல்ல ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. ஷஃபீக் அதே மேட்டுப்பாளையத்தில் மெஷின் ஃபிட்டர். ஊரான் மெஷினையெல்லாம் சரிசெய்கிறவனுக்கு வீட்டு வண்டி ஒரு பொருட்டா? கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ப்ளக் புதிதாக மாட்டினான். அதற்குப் பிறகும் அத்தா அதையே சொன்னார். சொல்லும்போதெல்லாம் இவன் வாசலில் வைத்து உதைப்பான், கிளம்பும். தெருவை ஒரு சுற்று சுற்றுவான், நன்றாக ஓடும். நேற்று சாயங்காலமும் அப்படித்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்குத்தா. உங்களுக்குத்தான் முடியல. வித்துடுங்க."

அத்தா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "சரிப்பா" என்றார். அவனிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கார்ப்பரேட்டரை மூடும்போது எதையாவது தப்பாக மாட்டினோமா? அந்தப் ப்ளக் மட்டமானதா? குழியில் மூன்று கை மண்ணை அவன்தான் முதலில் போட வேண்டும். அதற்குள் தெரிந்தாக வேண்டும். இது கிறுக்குத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ப்ளக்கைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரை இழுத்துப் பார்த்தான். வந்தவர்களெல்லாம் அவனைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு உப்பளத்திலிருந்து மெக்கானிக் பக்கிரி வந்தார். அத்தாவின் முகம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் வண்டிப் பக்கத்தில் குந்தினார்.

"பாய் போன வாரம் கடைக்கு வந்தாரு தம்பி. என் கண்ணெதிர ஒரே உதையில எடுத்துச்சு. நான் என்னாத்தப் பாக்குறது?"

"என்னா சொன்னாரு?"

"ஏழெட்டு கிலோமீட்டரு போனா நின்னுடுதாம். கொஞ்ச நேரம் நிழல்ல நின்னா எடுத்துக்குதாம். சூட்டுல காயில் போவுதோன்னு நெனச்சேன்." பக்கிரி டேங்கைத் தட்டினார். "இது நிக்கவெச்சுப் பாக்குற வியாதி இல்ல. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். இன்னிக்கு வேணாம், வுடு."

பக்கிரி போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே மாமாவின் குரல் கேட்டது. கஃபன் துணி வந்துவிட்டது, கற்பூரமும் அத்தரும் பஞ்சும் வரவில்லை, யாரையாவது அனுப்பணும்.

"நான் போறேன்" என்றான் ஷஃபீக்.

"நீ எதுக்குடா, வேற..." மாமா முடிப்பதற்குள் அவன் வண்டியைத் தெருவில் இறக்கிவிட்டான்.

வாங்க வேண்டியதை முதல் கடையிலேயே வாங்கிப் பையைக் கைப்பிடியில் மாட்டினான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நெல்லித்தோப்பைத் தாண்டி, இந்திரா காந்தி சிலையையும் தாண்டிப் போனான். வண்டி பிரமாதமாக ஓடியது. நின்று தொலையேன் என்று திட்டிக்கொண்டே ஓட்டினான். வெகுதூரம் போய்த் திருப்பினான். போன் அடித்தது, எடுக்கவில்லை. வரும் வழியில் சிலையைச் சுற்றும்போது இன்ஜின் ஒரு தடவை விக்கியது. அப்புறம் இரண்டு தடவை. டப்பு, டப்பு.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அடுத்த நொடி வெட்கமாக இருந்தது. அத்தா பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதாக யார் சொன்னது? இவன்தான் சொன்னான்.

நெல்லித்தோப்பில் ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் முழுக்க நின்றுவிட்டது. எட்டு உதை, பத்து உதை. அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. ப்ளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தான். நீலமாக நல்ல பொறி வந்தது. அப்படியானால் காயில் இல்லை. அவன் மாட்டிய ப்ளக்கும் இல்லை. ஆனால் ப்ளக் காய்ந்துபோயிருந்தது. பெட்ரோல் உள்ளே வந்திருந்தால் அது ஈரமாக இருக்க வேண்டும். கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயை உருவினான். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. டேங்கை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. பாதிக்கு மேல் இருக்கிறது, கீழே வரவில்லை. டேங்க் அடியில் அடைப்போ என்று பார்ப்பதற்காக மூடியைத் திருகினான்.

உஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. உருவிவிட்ட குழாயிலிருந்து பெட்ரோல் கடகடவென்று அவன் செருப்பில் கொட்டியது.

அவன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் வட்டமாக ஒரு பாலிதீன். கத்தரியால் பிசிறில்லாமல் வெட்டிய பால் கவர். நீல எழுத்து பாதி தெரிந்தது.

மூடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க, அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. நிறுத்தி வைத்தால் எப்படியோ கொஞ்சம் கசிந்து போய்விடும், மறுபடி கிளம்பும். தெருவை ஒரு சுற்று சுற்றுகிறவனுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியாது.

அவர்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய், நெய் என்று எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் மூடிக்கு அடியில் இப்படி ஒரு வட்டம் இருக்கும். கழுவிக் காயவைத்த பால் கவரை வெட்டிப் போட்டு மூடினால்தான் அம்மாவுக்கு மனசு ஆறும். வெயில் தொடங்கியதிலிருந்து நடையில் பெட்ரோல் வாடை தாங்கவில்லை, தலை வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததும், பிறகு ஒரு நாள் சொல்வதை விட்டதும் இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. பெட்ரோல் போடும்போது அத்தா இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? மனைவி சலீமாவின் வேலை என்று தெரிந்து, எடுத்த மாதிரியே திரும்ப வைத்து மூடியிருப்பார்.

நான் இல்லை என்று ஷஃபீக் நினைத்தான். அந்த நிம்மதி, போன் மறுபடி அடிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை.

"கற்பூரம் எங்கடா? குளிப்பாட்ட ஆள் வந்து ஒரு மணி நேரமாச்சு," மாமா கத்தினார். "பெத்த அப்பன் மையத்த போட்டுட்டு எங்கடா சுத்துற?"

"வந்துட்டேன் மாமா."

அவன் பாலிதீனைச் சட்டைப் பையில் வைத்து, குழாயையும் ப்ளக்கையும் மாட்டி, வெறும் மூடியைத் திருகினான். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. வீடு வரைக்கும் ஒரு விக்கல் இல்லை.

ரூமானா வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மா உள்ளறையில் பெண்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுதாப்பா? காலையிலேர்ந்து அதத்தான பாக்குற."

காலையிலிருந்து அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"தெரிஞ்சுதும்மா. நான் மாட்டுன ப்ளக்குதான். மட்டமான ப்ளக்கு."

ரூமானா நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து ராத்திரி அத்தா போன்ல சொன்னாரு. ஷஃபீக் பாத்துட்டான், இனிமே நிக்காதுன்னு." பிறகு அவன் இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை.

அம்மா அவன் கையைப் பிடித்தாள். "நீ என்னா வேணும்னேவா செஞ்ச?" என்றாள்.

குளிப்பாட்டி, கஃபனிட்டு, அஸர் தொழுது, சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். ஷஃபீக் மூன்று கை மண் போட்டான். மூன்றாவது கையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது விரல்களில் பெட்ரோல் வாடை அடித்தது.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"நடையில பெட்ரோல் வாடை அடிக்குது ஷஃபீக். நான் டேங்கு மூடியில ஒரு பால் கவர் வெட்டிப் போட்டு வெச்சிருந்தேனே. வுழுந்துடுச்சா?"

"எங்கயோ வுழுந்துடுச்சும்மா."

"வேற வெட்டித் தரட்டா?"

"வேணாம்மா. நான் வண்டிய வெளிய நிறுத்திடுறேன்."

சாவி அவன் பையில்தான் இருந்தது. அதை எடுக்காமல் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, நடையிலிருந்து தெருவுக்கு வண்டியைத் தள்ளினான். வாசற்படி தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. இந்த வண்டி இவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அதைத் தள்ளியதே இல்லை.