சூலூர் மண்டபத்துப் பாஸ்தா

மண்டபத்துச் சமையற்கட்டில் நுழைந்ததும் ஃபெமினாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த அண்டாதான். மூடி போடவில்லை. விளிம்புவரை பென்னே பாஸ்தா வெந்து, ஊறி, உப்பி, ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தது. குழல் குழலாக நிற்க வேண்டியதெல்லாம் நசுங்கி வாய் மூடியிருந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த விரல்களின் வெளுப்பு அதற்கு. மேலே ஊற்றியிருந்த எண்ணெயில் இரண்டு ஈக்கள் செத்து மிதந்தன.

"இது எப்ப வேக வெச்சதுங்ணா?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கேங்க அம்மணி. உங்களுக்கு வேலை மிச்சமாச்சு பாருங்க" என்றார் சமையல் கான்ட்ராக்டர் கோவிந்தராஜுலு. சொல்லிக்கொண்டே ஈக்களை விரலால் வழித்துச் சுண்டிவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கட்டிகளை உதிர்த்தார். அவருடைய மோதிர இடுக்கில் மாவு ஏறியது. ஒரு குழலைக் கிள்ளி நசுக்கி, "பூப்போல வெந்திருக்குதுங்க" என்றார்.

ஃபெமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் நான்கு வருடம் பாஸ்தா மட்டுமே வேக வைத்தவள் அவள். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது கல்யாண ரிசப்ஷன்களில், ஆட்கள் கண்ணெதிரே பாஸ்தா கிளறித் தரும் கவுண்டருக்குப் போய் வருகிறாள். வேகிற பதத்தைக் கையால் நசுக்கிப் பார்க்கவே கூடாது. ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும். பல் இறங்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். கடித்த இடத்தைப் பார்த்தால் நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை தெரியும். அது மறையப்போகும் நேரத்தில் வடித்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கவனம் பிசகினால் அது பாஸ்தா இல்லை, களி.

"இத நான் போட மாட்டேனுங்ணா. புதுசா பாக்கெட் இருந்தாக் குடுங்க. கவுண்டர்லயே வேக வெச்சுக்கறேன்."

"கூட்டம் நிக்குமுங்க."

"நிக்கட்டுங்க. ஒம்பது நிமிசந்தான்."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பெட்டி பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டார்.

ஆறரை மணிக்குக் கவுண்டர் முன்னால் வரிசை தொடங்கியது. ஃபெமினா கொதிக்கும் தண்ணீரில் உப்பள்ளிப் போட்டாள், பாஸ்தாவைக் கொட்டினாள், எட்டாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளி சுருங்கியதும் வடித்து, தக்காளிச் சாஸில் இரண்டு புரட்டு. குழல்கள் பளபளவென்று தனித்தனியாக நின்றன. அண்டாவைப் பார்த்ததிலிருந்து இருந்த அருவருப்பு அந்த நொடியில் கொஞ்சம் அடங்கியது.

முதல் தட்டை வாங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஐயாசாமி. ஒரு வாய் வைத்தார். மென்றார். தட்டைத் திரும்ப நீட்டினார்.

"ஏனம்மணி, வேகவே இல்லீங்களே. நறுக்கு நறுக்குங்குது."

"அதுதானுங்க பதம்."

"வயசானவங்க பல்லுக்கு ஆகுமுங்களா? நல்லா வேக வெச்சுக் குடுங்க கண்ணு."

அவருக்குப் பின்னாலேயே நாலு தட்டுகள் திரும்பி வந்தன. ஒரு பெண் மென்று பார்த்ததை டிஷ்யூவில் துப்பி, கவுண்டர் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். ஈரம் ஊறிய அந்தப் பொட்டலத்தை ஃபெமினா இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

இதற்காகவே காத்திருந்தவர்போல கோவிந்தராஜுலு அண்டாவோடு வந்து சேர்ந்தார். "நகருங்க, நகருங்க." கரண்டியை வாங்கி, சோற்றைப்போல அள்ளி வாணலியில் அறைந்தார். சீஸைக் கொட்டினார், சாஸை ஊற்றினார், மசித்தார். கிளறக் கிளறக் கூழாகிக் கொழகொழவென்று இழுத்தது. அப்போதுதான் அடியிலிருந்து அந்த வாடை எழுந்தது. இரண்டு நாள் மறந்துபோன மாவுப் போசியைத் திறந்தால் வருமே, அதே புளிச்ச வாடை.

"அண்ணா, நிறுத்துங்க. கெட்டுப்போச்சு."

"சாஸு புளிப்புங்க அது. சத்தம் போடாதீங்க."

"சாஸ் நான் செஞ்சது. எனக்குத் தெரியாதுங்களா? மூந்து பாருங்க."

அவர் முகரவில்லை. கூடக் கொஞ்சம் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டார். வரிசையில் இருந்த ஐயாசாமி மறுபடி தட்டை நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெண்ணும் நீட்டியது.

ஃபெமினா வாணலியைப் பிடுங்கினாள். நேராகப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்க் குப்பை டிரம்மில் கவிழ்த்தாள். திரும்பி வந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் அதையும் கொட்டினாள். அது உடனே விழவில்லை. அண்டாவின் வடிவத்திலேயே ஒரு கணம் தொங்கி, பிறகு சளக்கென்று மொத்தமாக இறங்கியது. அவள் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கோவிந்தராஜுலு பின்னாலேயே ஓடி வந்தார். "என் பேரைக் கெடுத்துப்போட்டீங்களே! வெளிய நூறு பேரு நிக்கறாங்க!"

"அந்த நூறு பேரும் நாளைக்கு ஆஸ்பத்திரியில நின்னா உங்க பேரு நிக்குமுங்களா?"

கோவிந்தராஜுலு திரும்பி நடந்தார். மீதி பாக்கெட்டுகளை அவரே சுமந்து வந்து கவுண்டரில் வைத்தார்.

ஃபெமினா மறுபடி தண்ணீர் வைத்தாள். எட்டு நிமிடம். கடித்தாள், பதமாக இருந்தது. கை வடிகட்டிக்குப் போனது. எதிரே ஐயாசாமி பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வெள்ளைப் புள்ளி செத்து, குழல்கள் தளர்ந்து, தண்ணீர் கஞ்சியானது. பதினாலாவது நிமிடத்தில் வடித்தாள்.

"இப்பத்தானுங்க சாப்பிடற மாதிரி இருக்குது!" என்றார் ஐயாசாமி. அந்தக் குட்டிப் பெண் இரண்டாம் தடவை வந்து வாங்கியது. எட்டரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

கடைசித் தட்டுக்காரர் போனபின், ஒன்றையாவது தின்று பார்ப்போம் என்று வாணலியிலிருந்து எடுத்து வாயில் போட்டாள். பல்லே படவில்லை. நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வழுக்கிக் கரைந்தது. தாங்க முடியாமல் திரும்பி டிரம்மில் துப்பினாள்.

"வெள்ளிக்கிழமை கோபியில ஒரு ரிசப்ஷனுங்க. வந்துருங்க அம்மணி" என்றார் கோவிந்தராஜுலு, எதுவுமே நடக்காததுபோல.

"மத்தியானமே வேக வெக்க மாட்டேன்னு சொல்லுங்க, வாரேன்."

"பாக்கலாமுங்க" என்று சிரித்தார்.

"அப்ப நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டு ஃபெமினா குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.